பேஸ் ஸ்டேஷன் 'முடிந்தது' என்று எப்போது கையெழுத்திடலாம்?

பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடைப்பட்ட பகுதியில் கேபிள் டிவி நடத்திவரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 12 மீட்டர் உயரக் கட்டடத்தின் மொட்டை மாடியில் 18 மீட்டர் டவர் ஒன்றை இழுகம்பி கட்டி நிறுத்தி, வீடுகளுக்கு ரேடியோ வழியே இணையம் தருவதற்காக, அதன் மேல் நான்கு செக்டார்கள் (ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்க்கும் அண்டெனாவும் ரேடியோவும்) கொண்ட 5 கிகாஹெர்ட்ஸ் பேஸ் ஸ்டேஷனை ஏற்றியாகிவிட்டது. சாதனங்களை விற்றவரே ஆட்களை அனுப்பி ஒரே நாளில் வேலையை முடித்து, கைபேசியில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டி, 'கமிஷனிங் முடிந்தது' என்று அச்சடித்த தாளில் கையெழுத்தும் மீதித் தொகையும் கேட்கிறார். கொடுக்கலாமா? கேள்வி கையெழுத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவர் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். இன்று ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு நன்றாக ஓடும் நிலையம், அறுபது பேர் இணைந்தபின் இரவு ஒன்பது மணிக்கும், ஐப்பசி மழையிலும், இடி மின்னலிலும் அப்படியே ஓடுமா என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி இருக்கிறதா என்பதே அவருடைய உண்மையான கேள்வி. பெரும்பகுதிக்கு வழி இருக்கிறது. சிலவற்றுக்குக் காலம்தான் விடை சொல்லும். ரேடியோ இணைப்புகளை நிறுவுவதும், பிறர் நிறுவியவற்றைச் சோதித்து ஏற்பதும் என் தொழில் என்பதால், எது எந்த வகை என்று பிரித்தே எழுதுகிறேன்.

கமிஷனிங் என்பதை 'சாதனம் ஓடுகிறது' என்று காட்டுவதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் தொழிலில் அதன் பொருள், காகிதத்தில் கணக்கிட்ட எண்ணுக்கும் டவரில் அளந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு இணைப்புக்கும் எழுதி, அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்வதாகும். கணக்கே போடாமல் அளந்த எண்ணை மட்டும் காட்டினால், அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே முதலில் கணக்கைக் கேளுங்கள். உங்கள் நிலையத்துக்கு அதை நானே போட்டுக் காட்டுகிறேன். இந்தியாவில் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், அண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து, வெளியேறும் திறன் 4 வாட், அதாவது 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு; பத்து டெசிபெல் என்றால் பத்து மடங்கு) வரை இருக்கலாம். 4 கிலோமீட்டர் தூரத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியில் இழப்பது ஏறத்தாழ 120 டெசிபெல். வாடிக்கையாளர் வீட்டில், அலையை ஒரே திசையில் குவிப்பதால் 23 டிபிஐ (அண்டெனா பெருக்கத்தின் டெசிபெல் அளவு) பெருக்கமுள்ள சிறிய டிஷ் இருந்தால், 36 கழித்தல் 120 கூட்டல் 23, அதாவது மைனஸ் 61 டிபிஎம் வந்து சேர வேண்டும். அளந்த எண் இதிலிருந்து மூன்று நான்கு டெசிபெல்லுக்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து டெசிபெல் குறைந்தால் மரம், தவறான சாய்வு, நீர் புகுந்த கனெக்டர் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். இருபது டெசிபெல் அளவுக்குக் குறைந்தால், டிஷ்ஷின் முதன்மைக் கதிர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, பக்கவாட்டுக் கதிர் ஒன்றை உச்சம் என்று நினைத்து நட்டை முறுக்கியிருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகிப்பேன். செங்குத்து, கிடை ஆகிய இரு முனைவாக்கங்களின் (அலை அதிரும் திசைகளின்) அளவுகளும் ஒன்றுக்கொன்று மூன்று டெசிபெல்லுக்குள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று சரியாகவும் மற்றொன்று எட்டு டெசிபெல் கீழேயும் இருந்தால், தவறு அனேகமாக வானத்தில் இல்லை. ரேடியோவுக்கும் அண்டெனாவுக்கும் இடையிலுள்ள அரை மீட்டர் ஜம்பர் கேபிளில் இருக்கிறது.

கைபேசி ஸ்பீட் டெஸ்ட் உங்களுக்குச் சொல்லாத செய்தி ஒன்று இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. மேலே போட்டது டவரிலிருந்து வீட்டுக்கு வரும் டவுன்லிங்க். எதிர்த் திசையில் வீட்டு ரேடியோவும் அதே 36 டிபிஎம் வரம்புக்குள்தான் அனுப்ப வேண்டும். ஆனால் டவரில் உள்ள செக்டார் அண்டெனாவின் பெருக்கம் 16 டிபிஐ போலத்தான் இருக்கும். ஆக அப்லிங்க்கில் வந்து சேர்வது மைனஸ் 68 டிபிஎம், ஏழு டெசிபெல் குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல் இரைச்சல். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலுக்கு நல்ல ரேடியோ ஒன்றின் சொந்த இரைச்சல் மைனஸ் 95 டிபிஎம் அளவில் இருக்கும். தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டு டிஷ் ஒரே திசையைக் குறுகலாகப் பார்ப்பதால், அது கேட்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் 30 மீட்டர் உயரத்தில் 90 டிகிரி அகலத்துக்கு விரிந்து கிடக்கும் செக்டார், ஊரிலுள்ள அத்தனை வைஃபை பெட்டிகளையும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் பிறர் போட்டிருக்கும் இணைப்புகளையும் சேர்த்தே கேட்கிறது. அங்கே இரைச்சல் மைனஸ் 85 ஆக உயர்ந்துவிட்டால், டவுன்லிங்க்கில் 34 டெசிபெல் இடைவெளி இருக்கும்போதே அப்லிங்க்கில் 17தான் மிஞ்சும். முன்னது 256 குவாம் என்ற வேகமான அனுப்பு முறை ஓடும் நிலை, பின்னது 16 குவாம் என்ற மெதுவான முறை ஓடும் நிலை. வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். வாடிக்கையாளர் 'வீடியோ நன்றாக வருகிறது, ஆனால் வீடியோ கால் உடைகிறது' என்று சொல்வது இதனால்தான். எனவே கணக்குக்கு அடுத்து, கையெழுத்துக்கு முன் நான் கேட்கும் தாள், ஒவ்வொரு செக்டாரிலிருந்தும் எடுத்த ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற பதிவு). அதைக் காலை பதினொரு மணிக்கு எடுத்தால் பயனில்லை. ஊரே இணையத்தில் இருக்கும் மாலை ஏழு முதல் பத்து மணிக்குள் எடுக்க வேண்டும்.

இங்கே உறுதியில்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பகுதி கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலோரத்தில் சில இரவுகளில் காற்றடுக்குகளின் வெப்பமும் ஈரமும் மாறி, அலைகள் வழக்கமான தூரத்தைத் தாண்டிப் பயணம் செய்வது உண்டு. பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கை எஃப்எம் நிலையங்கள் நம் கரையில் கேட்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. அப்படிப்பட்ட இரவில் இரைச்சல் உயர்ந்தால், அது தொலைவிலிருந்து வந்ததா, பக்கத்துத் தெரு வைஃபையா என்று ஒரு நாள் ஸ்கேனை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் உள்ளூர்ப் பயன்பாடு என்றும், காற்று ஓய்ந்த வெப்பமான இரவுகளில் மட்டும் எல்லாச் செக்டார்களிலும் அல்லாமல் கடலைப் பார்க்கும் செக்டாரில் மட்டும் உயர்ந்தால் வளிமண்டலம் என்றும் சந்தேகிக்கலாம். இரண்டும் ஊகமே. சில வாரப் பதிவு இருந்தால்தான் ஊகம் வலுப்பெறும்.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் அதில்தான். டவர் உச்சி தரையிலிருந்து 30 மீட்டர். 4 கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டின் மேல் பைப் நட்டு, டிஷ்ஷை 9 மீட்டரில் வைப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் இடையே நேர்கோடு இழுத்தால், அந்தக் கோடு 20 மீட்டர் உயரத்தைத் தாண்டுவது வீட்டிலிருந்து ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் தள்ளித்தான். அதாவது, பாதைக்குள் வீட்டுப் பக்கப் பாதியில் எங்கே 20 மீட்டர்த் தென்னை நின்றாலும் அது குறுக்கே நிற்கிறது. கோடு மட்டும் தப்பினால் போதாது. அலை செல்வதற்குக் கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் என்ற இடைவெளியும் வேண்டும். 4 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் 7 மீட்டர் சொச்சம். அதில் பத்தில் ஆறு பங்கு, அதாவது நான்கேகால் மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவைப் பற்றி இந்தத் தூரத்தில் கவலைப்பட வேண்டாம். அது கால் மீட்டருக்கும் குறைவு.

ஒரு தென்னை எத்தனை டெசிபெல் தின்னும் என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை. ஒற்றை மரத்தின் கொண்டைக்கும் அடர்ந்த தோப்புக்கும், காய்ந்த மட்டைக்கும் மழையில் நனைந்த மட்டைக்கும், காற்றில் ஆடும் நேரத்துக்கும் ஆடாத நேரத்துக்கும் அது மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் தோப்புக்கு ஊடாக எப்படியோ கிடைத்துவிட்ட இணைப்பு ஐப்பசியில் போய்விடும் என்பது மட்டும் உறுதி. மழைத்துளிகளே இந்த அதிர்வெண்ணில் எடுத்துக்கொள்வது, கொட்டித் தீர்க்கும் மழையிலும், இத்தனை குறுகிய பாதையில் சில டெசிபெல்கள்தான். நனைந்த இலைதான் வில்லன். ஆகவே, வீட்டுக்கு வீடு டிஷ் மாட்டும் யோசனையை உங்கள் இடத்தில் இருந்தால் நான் கைவிடுவேன். ஒவ்வொரு குக்கிராமத்திலும் தென்னைக்கு மேல் எழும்பும் ஒரே ஒரு உயரக் கம்பத்தில் டிஷ்ஷை வைத்து, அங்கிருந்து வீடுகளுக்கு உங்கள் கேபிள் டிவி பாதையிலேயே ஃபைபரை இழுத்துவிடலாம். புதிதாக வரும் வயர்லெஸ் ஆட்களிடம் இல்லாத கம்பமும் பாதையும் ஆளும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அறுபது ரேடியோக்களுக்குப் பதிலாக ஆறு ரேடியோக்கள் இருந்தால் காற்றுநேரமும், அதாவது ஒரு செக்டாரின் ரேடியோக்கள் பங்கிட்டுக்கொள்ளும் அனுப்பு நேரமும், மிச்சமாகும்.

செக்டார்களின் திசையையும் சாய்வையும் அளக்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கைபேசித் திசைகாட்டியை டவரின் இரும்புக்கு அருகே பிடித்து எடுத்த திசை நம்பத்தக்கதல்ல. தரையில் சற்றுத் தள்ளி நின்று, தெரிந்த அடையாளம் ஒன்றை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதே மேல். சாய்வில் சிறு கணக்கு போதும். உயரம் 30 மீட்டர், செக்டாரின் செங்குத்து அகலம் 6 டிகிரி என்று கொண்டால், 2 டிகிரி கீழே சாய்த்தபோது கதிரின் நடு ஏறத்தாழ 860 மீட்டரில் தரையைத் தொடும்; 4 கிலோமீட்டரில் உள்ளவருக்கு இழப்பு ஒரு டெசிபெல்கூட இராது. 'பக்கத்து வீடுகளுக்கும் கிடைக்கட்டும்' என்று 6 டிகிரி சாய்த்துவிட்டால், தொலைவில் இருப்பவர் பத்து டெசிபெல் இழப்பார். பக்கத்து வீட்டுக்கு, தூரம் குறைவு என்பதாலேயே, ஓரக் கதிரில்கூடத் தேவைக்கு மேல் கிடைக்கும்.

நான்கு செக்டார்களை இரண்டே சேனல்களில் ஓட்டும் ஏற்பாடு உங்களுடையது என்றால், எதிரெதிரே பார்க்கும் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கும். அனுப்பும் நேரத்திலும் கேட்கும் நேரத்திலும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மெல்லிய குரலைக் கேட்க முயலும் கணத்தில் மற்றொன்று அதன் முதுகுப்பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் ஜிபிஎஸ் நேர ஒத்திசைவு. ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது என்று திரையில் பச்சை விளக்கு காட்டினால் மட்டும் போதாது. பிரேம் நீளம் (ஒருமுறை அனுப்பிக் கேட்டு முடிக்கும் சுற்றின் நேரம்), டவுன்லிங்க்-அப்லிங்க் விகிதம், அதிகபட்சத் தூரம் ஆகிய மூன்றும் நான்கு செக்டார்களிலும் ஒன்றாக அமைந்திருக்க வேண்டும். சோதனை எளிது: முதல் செக்டாரின் அப்லிங்க் வேகத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே, மூன்றாவது செக்டாரின் டவுன்லிங்க்கை முழு அளவில் நிரப்புங்கள். முதலாவது சரிந்தால் ஒத்திசைவு இல்லை. இந்தச் சோதனையை விற்றவர் தாமாகச் செய்து காட்டுவது அரிது.

இனி, வானத்தை விட்டுக் கேபிளுக்கு வருகிறேன். நான் பார்த்தவரை, இரவில் தானாக அணைந்து எழும் ரேடியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியோவில் குறையிருப்பதில்லை. குறை கேபிளில் இருக்கிறது; ரேடியோவுக்கு ஈதர்நெட் கேபிள் வழியேதான் மின்சாரம் போகிறது. 24 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனின் அளவு) செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 84 ஓம். டவர் உச்சியிலிருந்து கீழ் அறை வரை 60 மீட்டர் என்றால் ஒரு கம்பிக்கு 5 ஓம். 24 வோல்ட்டை நேராகக் கேபிளில் ஏற்றும் பேசிவ் முறையில் போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி இணைந்திருப்பதால் மொத்தச் சுற்றுத் தடையும் 5 ஓம். 20 வாட் இழுக்கும் ரேடியோவுக்கு உச்சியில் கிடைப்பது 18 வோல்ட் சொச்சம், தாக்குப்பிடிக்கும். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். சுற்றுத் தடை 7.8 ஓம் ஆகிவிட்டால், 24 வோல்ட்டிலிருந்து அந்தக் கேபிள் வழியே அதிகபட்சமாக 18.5 வாட்தான் மறுமுனைக்குப் போய்ச் சேர முடியும். 20 வாட் கேட்கும் ரேடியோ அதில் ஓடவே முடியாது. சும்மா இருக்கும்போது குறைவாக இழுப்பதால் ஓடுவது போலத் தெரியும், மாலையில் சுமை ஏறியதும் விழும். 48 வோல்ட் சாதனமாக இருந்தால் அதே கேபிளிலும் 44 வோல்ட் சேர்ந்துவிடும் என்பதால் அந்தச் சாதனங்கள் பிழைத்துக்கொள்கின்றன.

கண்டுபிடிப்பது கடினமில்லை. மிச்சம் கிடக்கும் துண்டில் ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். போட்டு முடித்த கேபிள் என்றால், ஒரு முனையில் இரு கம்பிகளைச் சேர்த்துவிட்டு மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தால் 60 மீட்டருக்கு 10 ஓம் வர வேண்டும்; 16 வந்தால் மாற்றச் சொல்லுங்கள். வெளியில் போட வேண்டியது வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையும் உலோகக் கவசமும் உள்ள கேபிள்; வீட்டுக்குள் போடும் சாம்பல்நிறக் கேபிளின் உறை நம் வெயிலில் வெடித்து நீரை உள்ளே இழுக்கும். ரேடியோவுக்குள் நுழையுமிடத்தில் கேபிள் கீழே வளைந்து மேலேறுகிறதா என்று பாருங்கள். அந்த வளைவு இல்லாவிட்டால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போகும்.

மின்வெட்டுச் சோதனைக்குப் பெரிய அறிவு தேவையில்லை; இபி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நான்கு செக்டாருக்கு 80 வாட், இணையத்தை டவருக்குக் கொண்டுவரும் பேக்ஹால் ரேடியோவுக்கு 20, ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் 30 என்று வைத்தால் 130 வாட். எட்டு மணி நேரத்துக்கு ஆயிரம் வாட்-மணிக்குச் சற்று மேல். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் காகிதப்படி 1800 இருந்தாலும், அதன் ஆயுளைக் காக்கப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கிடைப்பது 900, அதிலும் இன்வெர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒற்றை பேட்டரியில் எட்டு மணி நேரம் ஓடும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் ரேடியோக்கள் மறுபடி துவங்குகின்றனவா என்பதையும் கவனியுங்கள். பேட்டரி முழுதும் வடிந்து, பிறகு மின்சாரம் வந்ததும், ஆள் தொடாமல் நிலையம் தானே எழுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரேடார் கண்காணிப்பு தேவைப்படும் சேனல்களில், அனுப்பத் துவங்கும் முன் ரேடியோ குறைந்தது 60 நொடி கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி அணைத்துவிடாதீர்கள்.

எர்த்திங்கில் எல்லோரும் ஓம் கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று முளை டெஸ்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குக் கீழே காட்டுவது நல்லதுதான். அதை மழைக்குப் பின் அளந்து காட்டினால் ஏமாறாமல், சித்திரையில் நிலம் காய்ந்திருக்கும்போது மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஆனால் 5 ஓம் உங்கள் சாதனத்தைக் காப்பாற்றாது. மின்னலில் 30 கிலோ ஆம்பியர் என்பது சாதாரணம். 5 ஓம் வழியே அது பாய்ந்தால், எளிய கணக்கில் டவரின் அடிப்பாகமே ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு உயரும். அந்த நேரத்தில் டவருக்குத் தனி எர்த், இபி மீட்டருக்குத் தனி எர்த், ரவுட்டருக்கு 'சுத்தமான' தனி எர்த் என்று பிரித்து வைத்திருந்தால், அவற்றுக்கு இடையேயுள்ள வித்தியாசம் முழுவதும் உங்கள் ஈதர்நெட் போர்ட்டில்தான் வந்து இறங்கும். அனைத்தையும் தடித்த கடத்தியால் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து இறங்கும். சேதம் வெகுவாகக் குறையும். சர்ஜ் பாதுகாப்பான் ரேடியோவின் அருகில் ஒன்றும், கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்றுமாக இருமுனையிலும் வேண்டும். அண்டெனாக்கள் இடிதாங்கியின் முனைக்குக் கீழே இருக்க வேண்டும். டவரின் உச்சத்தை ஜிபிஎஸ் அண்டெனா பிடித்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். இவ்வளவும் செய்த பிறகும் நேரடி இடியிலிருந்து தப்புவதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கையிருப்பில் ஒரு ரேடியோவும் ஒரு சுவிட்சும் வைத்திருப்பதே நேர்மையான பதில்.

காற்றைப் பற்றி உங்கள் பகுதியில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்ததையும், பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 சென்னைக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதையே எடுத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் அழுத்தம். டிஷ்ஷின் வடிவத்துக்கான குணகத்தையும் சேர்த்தால், 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றின் மேல் 55 கிலோ எடை கிடைவாக்கில் தள்ளுவதற்குச் சமம். நான்கு செக்டாரும் இரண்டு டிஷ்ஷும் 18 மீட்டர் கம்பத்தின் உச்சியில் சேர்ந்து இழுக்கும்போது, அந்த விசை கடைசியில் போய் நிற்பது இழுகம்பியின் அடிக்கொக்கியில். கொக்கியைச் செங்கல் கைப்பிடிச்சுவரில் பதித்திருந்தால், வேறு எதையும் பார்க்காமல் கையெழுத்தை மறுத்துவிடலாம். அது கான்கிரீட் பீமிலோ தூணிலோ இருக்க வேண்டும். கட்டடம் அதைத் தாங்குமா என்பதை நான் சொல்ல முடியாது. நான் ரேடியோக்காரன், ஒரு கட்டுமானப் பொறியாளர் நேரில் பார்த்து எழுத்தில் தர வேண்டிய விஷயம் அது. உப்புக்காற்றுக்குச் சாதாரணப் பெயிண்ட் பூசிய நட்டு போல்ட்டுகள் நிற்காது. ஹாட்-டிப் கால்வனைஸ் செய்தவையா, துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் சரியானபின் சுமைச் சோதனை. ஒரே வாடிக்கையாளரை வைத்து ஓட்டிய ஸ்பீட் டெஸ்ட், பேருந்தில் ஒருவர் மட்டும் ஏறி இடம் தாராளமாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. உங்கள் சொந்தக் கணினியில் ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை நிரலின் சர்வரை ஓட்டி, ஒவ்வொரு செக்டாரிலும் குறைந்தது மூன்று நான்கு இடங்களுக்கு ஒரே நேரத்தில் இரு திசையிலும் நிரப்பி, அந்தச் சுமையிலேயே பிங் நேரம் (சிறு செய்தி ஒன்று போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிகத் தொலைவில் உள்ள, மிகப் பலவீனமான இணைப்பையும் அதில் சேர்த்தே ஆக வேண்டும். 16 குவாமையும் விட மெதுவான கியூபிஎஸ்கே முறையில் ஓடும் ஒரு வாடிக்கையாளர் தன் சிறு வேகத்துக்காகச் செக்டாரின் காற்றுநேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டு மற்ற அனைவரையும் மெதுவாக்கிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இணைப்பு மறுப்பதே வியாபாரத்துக்கு நல்லது என்பது என் கருத்து, மனம் வராது என்றாலும். பிங்கை 1472 பைட் அளவில் (28 பைட் தலைப்பும் சேர்ந்தால் 1500), துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு அனுப்பிப் பாருங்கள். போகவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு பெட்டி 1500 பைட்டுக்குக் குறைவாக வைத்திருக்கிறது, பின்னால் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்ற புகார்கள் வரும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைக்கும் பிபிபிஓஇ முறை வழியாகப் போனால் மட்டும் 1464 என்பதே சரியான அளவு.

சட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் உரிமம் தேவையற்றதாக ஆக்கப்பட்டது. ஆனால் அது அலைக்கற்றைக்கு மட்டும்தான். பொதுமக்களுக்குக் காசு வாங்கி இணையம் தருவதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஐஎஸ்பி (இணையச் சேவை வழங்குநர்) உரிமம் தனியாக வேண்டும், அல்லது உரிமம் உள்ள ஒருவரின் கூட்டாளியாக எழுத்து ஒப்பந்தத்தோடு நடத்த வேண்டும். ரேடியோவுக்கு அந்த மாதிரிக்கான ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சாதனத்தின் நாடு அமைப்பில் 'இந்தியா' இருக்க வேண்டும். கூடுதல் திறனுக்காக வேறு நாட்டையோ சோதனை முறையையோ வைத்துவிட்டுப் போயிருந்தால், பிடிபடும்போது பொறுப்பு உங்களுடையது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விடுத்த உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களும் ஒத்திசைந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் கதிர்வீச்சு என்று அஞ்சினால், 4 வாட்டில் அனுப்பும் செக்டாருக்கு நேரெதிரே 5 மீட்டரில் கிடைப்பது சதுர மீட்டருக்கு 0.013 வாட் என்றும், 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் மொபைல் டவர்களுக்கு இந்த அதிர்வெண்களில் உள்ள வரம்பு 1 வாட் என்றும் காட்டலாம்.

ஆக, இன்றைய நிலையில் அந்தத் தாளில் நான் கையெழுத்திட மாட்டேன். அதற்காக முழுத் தொகையையும் நிறுத்தி வைக்கவும் மாட்டேன். அவர் ஏற்றியது ஏற்றியதுதான், அந்த உழைப்புக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். கணக்கிட்ட அளவும் அளந்த அளவும் கொண்ட அட்டவணை, மாலை நேர ஸ்கேன், எதிர்ச் செக்டார் சோதனை, கேபிள் தடை, எர்த் அளவு, இபி அணைத்த சோதனை, ஒவ்வொரு அண்டெனாவின் உயரம், திசை, சாய்வு காட்டும் படங்கள், எல்லாச் சாதனங்களின் அமைப்புக் கோப்பும் கடவுச்சொற்களும் உங்கள் கைக்கு வந்ததும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுங்கள். பத்து சதவீதம் போன்ற ஒரு பகுதியைக் கார்த்திகை முடியும்வரை நிறுத்தி, ஒரு நிபந்தனையோடு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு செக்டாரிலும் இன்று தேர்ந்தெடுத்த ஒரு குறிப்பு இணைப்பு, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அளக்கும்போது, அதே திறனிலும் அதே சேனலிலும், இரு முனைவாக்கங்களிலும் இன்றைய அளவிலிருந்து மூன்று டெசிபெல்லுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது, குறைந்தால் அவரே டவர் ஏறிக் காரணத்தைக் கண்டு சரிசெய்ய வேண்டும். குறிப்பு இணைப்புகளைத் தென்னை குறுக்கிடாத பாதைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அவர் மரத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவார்.